434 கோவில்களும் ஒரு பைதான் நிரலும்

நண்பர் ஒருவர் சிறிய பதிப்பகம் நடத்துகிறார். தெற்கத்தி எழுத்தாளர் ஒருவரின் 31 சிறுகதைகளை மறுபதிப்பாகக் கொண்டுவரும் வேலையில் இருந்தவர், ஒரு நாள் காலையில் கூப்பிட்டார். "தம்பி, கதைகளை மூன்று பேர் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஒருவர் ‘கோவில்’ என்கிறார், இன்னொருவர் ‘கோயில்’ என்கிறார். எல்லாவற்றையும் ‘கோயில்’ ஆக்கிக் கொடுங்கள். உங்களுக்கு அரை நாள் வேலைதானே?"

அரை நாள்கூட ஆகாது என்றுதான் நானும் நினைத்தேன். ஒன்பது நாள் ஆனது.

இலக்கணப்படி பார்த்தால் ஓகாரத்துக்குப் பின் வகர உடம்படுமெய் வர வேண்டும். ‘கோவில்’ என்பதில் தவறே இல்லை. வழக்கில் ‘கோயில்’ நெடுங்காலமாக ஊன்றி நிற்கிறது. அந்தச் சண்டைக்கு நான் போகவில்லை. பதிப்பாளர் ஒன்றைச் சொன்னார், செய்தேன். செய்ததில் எங்கெங்கே இடறினேன் என்பதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன். தமிழ்க் கோப்புகளில் தேடி மாற்றும் வேலை யாருக்காவது வந்தால் உதவும்.

கதைக்கு ஒன்றாக 31 உரைக்கோப்புகள். பைதான் என்ற நிரல்மொழியில் நாலு வரி எழுதினேன்: கோப்பைத் திற, ‘கோவில்’ இருக்கும் இடத்திலெல்லாம் ‘கோயில்’ என்று ரிப்ளேஸ் செய், மூடு. ஓட்டிவிட்டுத் திறந்து பார்த்தால் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இது பால பாடம். பல வருடம் எழுதியவனுக்கும் மறக்கும். பைதானில் சரம், அதாவது எழுத்துகளின் தொடர், ஒருமுறை உருவானால் மாறாது. ரிப்ளேஸ் பழைய சரத்தைத் தொடாமல், மாற்றிய புதுச் சரம் ஒன்றைக் கையில் கொடுக்கும். அதை வாங்கி ஒரு பெயரில் வைத்துக்கொள்ளாமல் விட்டால் காற்றோடு போய்விடும். அதைத் திருத்தினேன். இந்த முறை 212 இடங்களில் மாறியது. தேநீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து முதல் கதையைத் திறந்தால் முதல் பத்தியிலேயே ‘கோயில்பட்டி’. அடுத்த பக்கத்தில் ‘நாகர்கோயில்’. அதே பத்தியில் ‘கோவிலுக்கு’ என்பது மட்டும் மாறாமல் சிரித்துக்கொண்டு நின்றது. மாற வேண்டாதது மாறியிருந்தது, மாற வேண்டியது மாறவில்லை. ஊர்ப்பெயர்களில் கை வைக்கக் கூடாது என்பதைப் பதிப்பாளர் அப்போதுதான் சொன்னார். சொல்லாமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூலக்கோப்புகளை முதலிலேயே தனியாக நகலெடுத்து வைத்திருந்தேன். இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

‘கோவிலுக்கு’ ஏன் மாறவில்லை என்பதைப் பார்ப்போம். ‘கோவில்’ என்று நாம் மூன்று எழுத்தாகப் படிப்பதைக் கணினி ஆறு துண்டாக வைத்திருக்கிறது: க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி. நீளம் கேட்டால் பைதான் 6 என்கிறது. ‘கோவிலுக்கு’ என்பதில் ல-வுக்குப் பின் புள்ளி இல்லை, உகரக் குறி இருக்கிறது. ஆகவே புள்ளியோடு தேடினால் அகப்படாது. புள்ளியை விட்டுவிட்டு ‘கோவில’ என்று தேட வேண்டும். இப்படி ஒரு சொல் தமிழில் இல்லை; பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோவில், கோவிலை, கோவிலுக்கு, கோவிலில், கோவிலிலிருந்து எல்லாவற்றுக்கும் பொதுவான தலை அதுதான். மெய்யெழுத்தில் முடியும் பெரும்பாலான பெயர்ச்சொற்களுக்கு இந்த வித்தை பலிக்கும். மகரத்தில் முடிகிற சொற்களுக்குப் பலிக்காது. ‘மரம்’ வேற்றுமை ஏற்கும்போது ‘மரத்தை’ ஆகி மகரமே போய்விடும்.

‘கோவில’ என்று எண்ணிப் பார்த்தபோது 388 வந்தது. இன்னும் சில கதைகள் சந்தேகமாக இருந்தன. தேர்த்திருவிழாவைப் பற்றிய ஒரு கதை, பதினான்கு பக்கம், அதில் கோவில் எத்தனை என்றால் பூஜ்யம் என்கிறது நிரல். திரையில் கண்ணெதிரே தெரிகிறது, நிரலுக்குத் தெரியவில்லை. ஃபைண்ட் கட்டளைக்குச் சொல் அகப்படாவிட்டால் அது -1 என்று பதில் தரும். அந்த -1 என்னை முறைத்துக்கொண்டே இருந்தது.

அந்தக் கோப்பிலிருந்து ஒரே ஒரு ‘கோவில்’ வெட்டி எடுத்து நீளம் கேட்டேன். 7 என்றது.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே என்ன புகுந்தது? ஒவ்வொரு துண்டின் யூனிகோட் எண்ணையும், அதாவது கணினிகள் அந்தக் குறிக்குப் பொதுவாக வைத்திருக்கும் எண்ணையும், அச்சிட்டேன். நல்ல கோப்பில் ககரத்தை அடுத்து 3019 என்ற ஒற்றை எண். அது ஓகாரக் குறி. கெட்ட கோப்பில் 3015, 3006 என்று இரண்டு. அதாவது இரட்டைக்கொம்பு தனி, துணைக்கால் தனி. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. விசாரித்ததில், அந்தக் கதைகள் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சாகி, இலவச மாற்றி ஒன்றின் வழியாக யூனிகோடுக்கு வந்தவை என்று தெரிந்தது. பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி அச்சுகள்தான். அந்த மாற்றி இரண்டையும் அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒட்டாமல் போய்விட்டது.

இதற்கு மருந்து பைதானிலேயே உண்டு. யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பில் நார்மலைஸ் என்றொரு செயற்கூறு (ஃபங்ஷன்). அதற்கு என்எஃப்சி என்ற வகையைச் சொன்னால், பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கிவிடும். தேடப்படும் உரை, தேடும் சொல் இரண்டையும் இந்தச் சல்லடையில் போட்ட பிறகுதான் தேடவே தொடங்க வேண்டும். எண்ணிக்கை 431 ஆனது.

மிச்சம் மூன்று. அவை வேறு ரகம். வாட்ஸ்அப் வழியே வந்த ஒரு கதையில் ‘கோ’வுக்கும் ‘வி’க்கும் நடுவே 8203 என்ற எண். அகலமில்லாத இடைவெளி, கண்ணுக்குத் தெரியாது, அம்புக்குறி விசையை அழுத்தினால் மட்டும் சுட்டி ஒருமுறை நகராமல் நிற்கும். 8203, 8204, 173 ஆகிய எண்கள் எங்கெல்லாம் வருகின்றன என்று பட்டியல் எடுத்து, பார்த்துவிட்டு நீக்கினேன். 8204-ஐ மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நீக்கக் கூடாது; க், ஷ இரண்டும் க்ஷ என்று ஒட்டிக்கொள்ளாமலிருக்க அதைச் சிலர் வேண்டுமென்றே இடுவார்கள். இந்தக் கதைகளில் அப்படி எதுவும் இல்லை. ஆக மொத்தம் 434.

இனி ஊர்ப்பெயர்களைக் காப்பாற்ற வேண்டும்.

முதலில் தோன்றியது ரீஜெக்ஸ்: எழுத்துகளின் அமைப்பை விதியாக எழுதித் தேடும் முறை. அதில் ‘சொல்லின் எல்லை’ என்பதைக் குறிக்கச் சின்னக் குறி ஒன்று உண்டு. ‘கோவில்’ என்பதற்கு இருபுறமும் அதைப் போட்டால் தனிச்சொல்லாக நிற்கும் கோவில்கள் மட்டும் அகப்படும், கோவில்பட்டி தப்பிக்கும் என்பது கணக்கு. ஓட்டினேன். நடந்தது நேர்மாறு. ‘கோவில் வாசலில்’ என்பது அகப்படவில்லை. ‘கோவில்பட்டி’ அகப்பட்டது!

நான் தப்பாகப் படிக்கிறேனோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இல்லை. கோளாறு இங்கே: பைதானோடு வரும் ரீஜெக்ஸ் தொகுப்புக்கு எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் சொல்லின் உறுப்புகள். நம்முடைய உயிர்க்குறிகளும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. ‘கோவில்’ என்பதைக் கொடுத்து, இதில் என்னென்ன சொற்கள் என்று கேட்டால் ‘க’, ‘வ’, ‘ல’ என்று மூன்று சொல் சொல்கிறது. புள்ளி சொல்லுக்குள் சேராது என்றால், ‘கோவில்’ முடிந்து வெற்றிடம் வரும் இடத்தில் இருபக்கமும் சொல்லல்லாத பொருள். ஆகவே எல்லை இல்லை. ‘கோவில்பட்டி’யில் புள்ளிக்கு அடுத்து ‘ப’ வருகிறது. அங்கே எல்லை இருக்கிறது! இயந்திரம் தன் விதியைப் பிசகாமல்தான் பின்பற்றுகிறது. விதி தமிழுக்காக எழுதப்படவில்லை. இந்தியும் இதே பாடுதான் படுகிறது. 2011-லேயே இதை வழுவாகப் பதிந்திருக்கிறார்கள். நான் ஓட்டிய அன்றைக்கும் அது அப்படியேதான் இருந்தது.

தனியாக நிறுவிக்கொள்ளும் இன்னொரு ரீஜெக்ஸ் தொகுப்பு இருக்கிறது. அது உயிர்க்குறிகளையும் சொல்லின் பகுதியாக மதிக்கிறது. அதைக் கொண்டு ஓட்டியபோது எல்லைகள் சரியாக விழுந்தன. ஆனால் பயன்? ‘கோவிலுக்கு’ மறுபடியும் விடுபட்டது. ‘அம்மன்கோவில்’ என்று சேர்த்து எழுதியவை மாற வேண்டியவை, அவையும் விடுபட்டன. ‘நாகர்கோவில்’ மாறக் கூடாது, ‘அம்மன்கோவில்’ மாற வேண்டும். இரண்டுக்கும் வடிவத்தில் வேறுபாடே இல்லை. ஒன்று ஊர், மற்றது கோயில் என்பது மனிதனுக்குத்தான் தெரியும்.

ஆகவே விதியைக் கைவிட்டுப் பட்டியலுக்கு வந்தேன். ‘கோவில’ வரும் இடங்களையெல்லாம் முன்னும் பின்னும் இருபது துண்டோடு வெட்டி அச்சிட்டேன். துண்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: எழுத்தின் நடுவில் வெட்டு விழுந்து, பல வரிகள் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் அநாதையாக உட்கார்ந்த கொம்போடும் சுழியோடும் தொடங்கின. வெற்றிடத்தில் மட்டும் வெட்டு என்று திருத்திய பிறகு படிக்க முடிந்தது. கோவில்பட்டி, நாகர்கோவில், சங்கரன்கோவில், காளையார்கோவில், கோவிலூர் என்று ஊர்கள் சேர்ந்தன. குத்துவிளக்கு வாங்கப் போகும் ஒரு கதையில் நாச்சியார்கோவிலும் வந்தது.

இவற்றையெல்லாம் ரீஜெக்ஸில் இப்படிக் கோத்தேன் (நடுவே நிற்கும் கோட்டுக்கு ‘அல்லது’ என்று பொருள்):

நாச்சியார்கோவில|சங்கரன்கோவில|காளையார்கோவில|நாகர்கோவில|கோவில்பட்டி|கோவிலூர|கோவில

மாற்றுச் சொல்லாக ஒரு சரத்தைக் கொடுக்காமல் ஒரு செயற்கூறைக் கொடுத்தேன். அகப்பட்டது வெறும் ‘கோவில’ என்றால் ‘கோயில’ என்று மாற்று. வேறு எதுவானாலும் வந்ததை வந்தபடியே திருப்பிக் கொடு. ஊர்ப்பெயரை முழுசாகப் பிடித்து முழுசாகவே விட்டுவிடுவதால் அதன் வயிற்றுக்குள் இருக்கும் கோவிலைத் தனியாகத் தொட வழியில்லாமல் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

இதிலும் ஒருமுறை வழுக்கினேன். பட்டியலை அகரவரிசையில் அடுக்கிவைத்தால் அழகாக இருக்குமே என்று அடுக்கினேன். அகரவரிசையில் ‘கோவில’ என்பது ‘கோவில்பட்டி’க்கு முன்னால் வந்துவிடும். ஒரே இடத்தில் தொடங்கும் இரண்டு சொற்களில் எது நீளமானது என்று ரீஜெக்ஸ் பார்ப்பதில்லை; எது முதலில் எழுதப்பட்டிருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். மறுபடியும் கோயில்பட்டி. நீளமானது முன்னால், குட்டையானது பின்னால் என்று வரிசையை மாற்றிய பிறகு அடங்கியது.

நான்காம் நாள் இந்த வேலை முடிந்தது. அதற்குள் பதிப்பாளருக்கு ஆசை வந்துவிட்டது. "இவ்வளவு செய்துவிட்டீர்கள், அப்படியே அந்த ‘கெளரவம்’, ‘மெளனம்’ எல்லாவற்றையும் சரிசெய்துவிடுங்கள்" என்றார்.

நியாயமான வேண்டுகோள். ‘கௌரவம்’ என்பதில் வலப்பக்கம் தெரிவது கொம்புக்கால், ளகரம் அல்ல. தட்டச்சில் பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக அடித்து ‘கெளரவம்’ ஆக்கிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். என்எஃப்சி இதைத் தொடாது. ளகரத்தின் எண் 2995, கொம்புக்காலின் எண் 3031, அதற்கு இரண்டும் வேறு வேறு ஆள்கள்.

கொம்பு, ளகரம் சேர்ந்து வந்தால் ஔகாரக் குறி என்று மாற்றினேன். விளைவு கோரம். ‘வெளி’ என்பது ‘வௌி’ ஆனது. ‘தெளிவு’ சிதைந்தது. ஆற்றில் மீன்பிடிக்கும் கதையில் கெளுத்தி மீன் ‘கௌுத்தி’ என்று வாலில் புள்ளிவட்டம் மாட்டிக்கொண்டு கிடந்தது. இணையத்தில் ‘வௌியீடு’, ‘வௌ்ளை’ என்றெல்லாம் பார்த்திருப்பீர்கள். யாரோ என்னைப்போல ஒருவர் எங்கேயோ இந்த விதியை ஓட்டியிருக்கிறார் என்பது என் ஊகம்.

ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது உண்மையான ளகரம், தொடாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். ரீஜெக்ஸில் அது இவ்வளவுதான்:

ெள(?![ா-்])

அடைப்புக்குள் இருக்கும் வீச்சு துணைக்காலில் தொடங்கிப் புள்ளியில் முடிகிறது. எல்லாக் குறிகளும் அதற்குள் அடங்கிவிடும். வெளி, தெளிவு, கெளுத்தி தப்பின. கௌரவம், மௌனம், பௌர்ணமி, வௌவால் சரியாயின. கட்டுரைத் தொகுப்பாக இருந்திருந்தால் இதோடு முடித்திருக்கலாம்.

இவை கதைகள். அதிலும் தெற்கத்திக் கதைகள். உரையாடலில் ஒரு கிழவி ‘வெளக்கு’ ஏற்றச் சொல்கிறாள். அவள் மகன் ‘கெளம்பு’ என்கிறான். அந்த ளகரத்துக்குப் பின் குறி ஏதும் இல்லை. என் விதி வெளக்கை ‘வௌக்கு’ என்றும் கெளம்பை ‘கௌம்பு’ என்றும் ஆக்கிவிட்டது. பார்த்தவுடன் உறுத்தாத பிழை வேறு. பல எழுத்துருக்களில் அது சரியாகவே தெரியும். மெய்ப்புப் பார்க்கும் அக்கா ஒருவர்தான் கண்டுபிடித்தார். அவர் அச்சுப்படியில் பார்க்கவில்லை. நான் அனுப்பிய மாற்றப் பட்டியலில், பழையது ஒரு பத்தி, புதியது ஒரு பத்தி என்று இருந்ததில் பார்த்தார். "தம்பி, வெளக்கு மாறியிருக்கிறதே, ஏன்?" என்று கேட்டார். கோப்பை மட்டும் அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கடைசியில் இதுவும் பட்டியலாகத்தான் முடிந்தது. கெளர, மெளன, பெளர்ண, வெளவா, செளந்த என்று அகப்பட்ட சொற்களின் தலைகளை மட்டும் எழுதி, அவற்றை மட்டும் மாற்றினேன். பதினேழு தலைகள் போதுமானதாக இருந்தன.

மூன்றாவது வேண்டுகோளும் வந்தது: ‘எழுத்துக்கள்’, ‘கருத்துக்கள்’, ‘வாழ்த்துக்கள்’ ஆகியவற்றில் வல்லினம் மிக வேண்டாம், ‘எழுத்துகள்’ என்று ஆக்குங்கள். பட்டபாடெல்லாம் மறந்து நான் ‘க்கள்’ என்பதைக் ‘கள்’ என்று மாற்றிவிட்டேன். இரவு பதினொன்றரை மணி, அதுதான் சமாதானம்.

காலையில் பட்டியலைத் திறந்தேன். ‘பூகள்’, ‘ஈகள்’ என்று முதல் வரிகளிலேயே வண்டவாளம் தெரிந்தது. அதற்கும் கீழே, ‘ஊர் மக்கள் திரண்டு வந்தார்கள்’ என்ற வரி ‘ஊர் மகள் திரண்டு வந்தார்கள்’ என்று நின்றது. மக்கள் எல்லாரும் ஒரே இரவில் மகள் ஆகிவிட்டார்கள். எந்தச் சொல்திருத்தியும் இதைப் பிடிக்காது. ‘மகள்’ நல்ல தமிழ்ச் சொல். கதையில் உண்மையாகவே ஒரு மகள் இருந்தாள், அவளும் இந்தக் கூட்டத்தில் கலந்துவிட்டாள். மாற்றிய கோப்பை வைத்துக்கொண்டு எது மக்கள், எது மகள் என்று திரும்பிப் பிரிக்கவே முடியாது. மூலநகல் இருந்ததால் பிழைத்தேன்.

‘துக்கள’ என்பதை மட்டும் ‘துகள’ ஆக்கு என்று சுருக்கிக்கொண்டேன். அதிலும் இரண்டு இடம் இடித்தது: ‘கூத்துக்களம்’, ‘கூத்துக்களத்தில்’. அது பன்மை விகுதி இல்லை, களம். அந்த இரண்டையும் கையால் விலக்கிவைத்தேன்.

இப்போது என் நிரலில் மாற்றும் பகுதி பத்து வரிதான். மீதி எண்பது வரியும் காட்டுவதற்கு: எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆகும். எழுதச் சொல்லித் தனியாக உத்தரவு கொடுத்தால் ஒழியக் கோப்பைத் தொடாது. ஒவ்வொரு விதிக்கும் எத்தனை மாற்றம் என்ற எண்ணிக்கையும் வரும். ரீஜெக்ஸில் மாற்றிய சரத்தோடு எண்ணிக்கையையும் சேர்த்துத் தரும் கட்டளை ஒன்று இருப்பது இதற்கு வசதி. நூறு எதிர்பார்த்த இடத்தில் ஆயிரம் வந்தால் கை நின்றுவிடும்.

இறுதிப் பட்டியலை அக்கா தாளில் அச்சடித்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பார்த்தார். நான்கு இடங்களில் வட்டம் போட்டிருந்தார். எல்லாம் ‘நாகர் கோவில்’ என்று இடைவெளி விட்டு அடித்தவை. அவை ‘நாகர் கோயில்’ ஆகியிருந்தன. திருத்தினேன். 434-இல் 97 ஊர்ப்பெயர்களாக நின்றன, 337 மாறின.

இன்னொரு வரியின் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எனக்கு அனுப்பியிருந்தார். பேருந்தில் ஏறும் ஒருவர் "நாரோயிலுக்கு ஒண்ணு" என்று சீட்டுக் கேட்கிறார். நாகர்கோவிலைத்தான் சொல்கிறார். அது என் எந்த வலையிலும் விழவில்லை. பதிப்பாளரிடம் கேட்டோம். "அதில் கை வைத்தால் எழுத்தாளர் எழுந்து வந்துவிடுவார்" என்றார். அப்படியே விட்டோம்.